ஏடும் ஏட்டை ஓதிய குடியும்: உ.வே. சாமிநாதையரின் சிந்தாமணிப் பதிப்பும் செஞ்சி வட்டாரச் சமண மரபும்

ஆய்வுச் சுருக்கம்

சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டு அச்சில் வெளியிட்ட உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கை, பெரும்பாலும் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த ஒரு தனிமனிதரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அந்நூலைப் பொருள் விளங்கப் பதிப்பிக்க அவருக்குத் துணைநின்றது ஏடுகள் மட்டுமல்ல, அவற்றை ஓதிக் காத்த தமிழ்ச் சமணக் குடியின் வாசிப்பு மரபும் ஆகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அம்மரபின் நடுவிடங்களுள் ஒன்றாகிய செஞ்சி வட்டாரத்தின் பங்கு இங்குச் சிறப்பாகக் கருதப்படுகிறது. சாக்கடல் சுவடிகள் பற்றிய ஆய்வு, ஏட்டுக்கும் அதற்குரிய சமூகத்துக்கும் உள்ள உறவைத் தெளிவாகக் காட்டும் ஒப்பீடாகக் கொள்ளப்படுகிறது.

கருச்சொற்கள்: உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணி, மணிமேகலை, மேல்சித்தாமூர், செஞ்சி, தமிழ்ச் சமணர், சாக்கடல் சுவடிகள், பதிப்பியல்.

1. முன்னுரை

பழஞ்சுவடி ஒன்று கிடைத்தவுடன் ஆய்வாளர்முன் இரண்டு வினாக்கள் எழுகின்றன. அதில் எழுதப்பட்டிருப்பது யாது என்பது முதல் வினா. அதனை எழுதி, ஓதி, காத்தவர் யாவர் என்பது இரண்டாம் வினா. முதல் வினாவுக்கு மொழியறிவும் எழுத்தறிவும் விடை தரும். இரண்டாம் வினாவுக்குரிய விடை அவ்வச் சமூகத்தின் வரலாற்றைப் பொறுத்தது. அச்சமூகம் இன்றும் வாழ்ந்துகொண்டிருந்தால் அதனிடமே கேட்டறியலாம். அழிந்துபோயிருந்தால் சுவடியிலிருந்தே அதனை மீட்டுருவாக்க வேண்டும்.

1947ஆம் ஆண்டு சாக்கடலின் வடமேற்குக் கரையில், கும்ரான் என்னும் இடத்துக்கு அருகிலுள்ள குகையொன்றில் ஆடு மேய்ப்போர் கண்டெடுத்த யூதச் சுருள்கள் இரண்டாம் வினாவை உலக அறிஞர்முன் வைத்தன. தமிழ்ப் பதிப்புலகம் அவ்வினாவை அதற்கு 67 ஆண்டுகளுக்கு முன்னரே, வேறொரு வடிவில், கும்பகோணத்தில் எதிர்கொண்டது. சைவ மடத்துக் கல்வியில் வளர்ந்த 25 வயதுத் தமிழாசிரியர் ஒருவர் சமணக் காப்பியம் ஒன்றின் படியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் சொற்கள் தெரிந்தும் பொருள் தெரியாமல் நின்றார். அந்நிலையிலிருந்து அவர் மீண்ட வழியே இக்கட்டுரையின் பொருள்.

2. இளமையும் கல்வியும்

சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். அவருடைய சொந்த ஊர் கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைப்பயிற்சியும் கதாப் பிரசங்கத்தில் வன்மையும் உடையவர். அவர் பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்றமையால், மைந்தரின் கல்வியும் பல ஊர்களில் பல ஆசிரியர்களிடம் நிகழ்ந்தது. அரியிலூர்ச் சடகோபையங்காரிடம் தமிழ்ச் சுவை அறிந்தார். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம் கற்றார். 1871ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல்நாள் ஆசிரியர் மறையும்வரை அவரைப் பிரியாமல் உடனிருந்து கற்றார். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் மடத்திலேயே பாடங்கேட்டும் பாடஞ்சொல்லியும் வாழ்ந்தார்.

இக்கல்வியின் இயல்பு நம் பொருளுக்கு இன்றியமையாதது. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் ஆகியன அக்காலப் பாடத்திட்டத்தின் உடல். கம்பராமாயணமும் பெரியபுராணமும் அதன் முடி. இந்நூல்களை மாணாக்கர் தனியே படித்துணரவில்லை. ஆசிரியர் சொல்ல, மாணாக்கர் கேட்டனர். ஒரு செய்யுளின் பொருள், அது பாடப்பட்ட சூழல், தொடர்புடைய வழக்கு, அதில் வரும் சமயக் குறியீடு ஆகிய யாவும் வாய்மொழியாகவே கைமாறின. பாடங்கேட்டல் என்னும் சொல்லாட்சியே இம்முறையைக் குறிக்கும். ஏட்டில் உள்ளது நூலின் ஒரு பாதியே என்பதும், மறுபாதி அதனை ஓதுவோரிடம் உள்ளது என்பதும் ஐயருக்கு இளமையிலேயே பழகிய உண்மைகள். பின்னாளில் சிந்தாமணியைப் பதிப்பிக்கும்போது அவர் மேற்கொண்ட வழி, இப்பழக்கத்தின் நீட்சியே எனலாம்.

3. 1880: பொருள் விளங்காத ஒரு நூல்

1880ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஓய்வுபெற்ற தியாகராச செட்டியாரின் இடத்தில், கும்பகோணம் அரசினர் கல்லூரித் தமிழாசிரியராக ஐயர் அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அந்நகருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை முதன்முறை கண்டார். தாம் கற்ற நூல்களை ஐயர் வரிசைப்படுத்திச் சொன்னபோது முதலியார் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற பழைய நூல்களைக் கற்றதுண்டா என வினவினார். அந்நூல்களைக் கற்பிப்பாரும் கற்பாரும் ஐயர் அறிந்த வட்டத்தில் இல்லை. பின்னர் முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் படியொன்றைக் கொடுத்து, அதனைப் பாடஞ்சொல்லுமாறு கேட்டுக்கொண்டார்.

திருத்தக்கதேவர் இயற்றிய சிந்தாமணி 13 இலம்பகங்களையும் 3,145 செய்யுட்களையும் உடையது. சச்சந்தனின் வீழ்ச்சியில் தொடங்கி, சீவகன் மணங்கள் பல புரிந்து, அரசு பெற்று, இறுதியில் துறவு பூண்டு வீடு பெறுதலோடு முடிவது. மணங்களின் வரிசையால் மணநூல் எனவும் பெயர் பெற்றது. எனினும் அதன் நோக்கம் முத்தி இலம்பகத்தில்தான் நிறைவுறுகிறது. மும்மணி, இருவினை, சமவசரணம், சாரணர், பவ்வியர் போன்ற ஆருகதக் கருத்துகளை அறியாதார்க்கு அந்நூல் கதையாக மட்டுமே நிற்கும். நச்சினார்க்கினியர் உரை உடனிருந்தும் ஐயரின் இடர் தீரவில்லை. உரைகாரர், சமணக் கோட்பாட்டை அறிந்தார்க்குச் சொல்வதுபோலவே பலவிடங்களில் சுருங்கச் சொல்லிச் செல்கிறார். 1868ஆம் ஆண்டில் பவர் பாதிரியார் நாமகள் இலம்பகத்தை மட்டும் அச்சிட்டிருந்தார். அது தொடக்கத்திற்கு உதவியதேயன்றி நூல் முழுமைக்கும் வழிகாட்டவில்லை.

கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் வாழ்வதை அறிந்து ஐயர் அவர்களை நாடினார். அவர்கள் அந்நூலை ஓதிவந்த மரபு கும்பகோணத்தோடு நிற்பதன்று. அதன் வேர்களை அறியச் செஞ்சி வட்டாரத்தின் சமண வரலாற்றை ஈண்டு நோக்குதல் வேண்டும்.

4. செஞ்சி வட்டாரச் சமணர்

செஞ்சி என்றவுடன் இராசகிரி முதலிய மூன்று குன்றுகளைச் சூழ்ந்த கோட்டையும், நாயக்கர், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கைமாறிய ஆட்சிகளும் நினைவுக்கு வருகின்றன. கோட்டைக்கு நெடுங்காலம் முற்பட்டது அப்பகுதியின் சமண வாழ்வு. செஞ்சிக்கு வடக்கே உள்ள திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையொன்றில் இரு வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடத்தை அங்குள்ள பழங்கல்வெட்டு ஒன்று குறிக்கிறது. தமிழ் எழுத்து வளர்ச்சியை ஆராய்வோர் பெரிதும் கருதும் கல்வெட்டு அது. இளையபட்டாரகர் 30 நாள் நோன்பிருந்ததைக் குறிக்கும் பிற்காலக் கல்வெட்டும் அக்குன்றில் உண்டு.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் அமைந்த மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் சமயத் தலைமையிடம். பழைய வழக்கில் இது சிற்றாமூர் எனப்படும். சினகாஞ்சி மடம் எனப்படும் அம்மடத்தின் தலைவர் இலக்குமிசேனர் என்னும் பட்டப்பெயர் தாங்குவார். பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களைக் கொண்ட மலைநாதர் கோயிலும், பார்சுவநாதர் பெருங்கோயிலும் அவ்வூரில் உள்ளன. செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி ஆகியவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களில் நயினார் என்னும் பட்டமுடைய சமணக் குடும்பங்கள் வேளாண்மையைத் தொழிலாகக் கொண்டு இன்றும் வாழ்கின்றன.

இக்குடியின் நினைவில் ஒரு பெருந்துன்பம் பதிந்துள்ளது. செஞ்சியை ஆண்ட வேங்கடபதி நாயக்கன் என்பவன் ஒவ்வொரு குலத்தாரிடமும் பெண் கேட்டதாகவும், சமணர் இசைவதுபோல் காட்டி மணநாளில் அவனை இழிவுபடுத்தியதாகவும், சினமுற்ற அவன் சமணரைக் கண்டவிடத்துக் கொல்ல ஆணையிட்டதாகவும் மரபு கூறும். உயிர் பிழைக்கத் திருநீறு பூசிச் சைவரானோர் பலர்; மறைவில் தம் நோன்பைக் காத்தோர் சிலர். அவருள் ஒருவர் சிரவணபெளகுளம் சென்று துறவு பூண்டு, வீரசேனாசாரியர் எனத் திரும்பி, சமயம் மாறியோரை மீண்டும் ஆருகதராக்கினார் என்பர். உடையார்பாளையத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தாயனூர்க் காங்கேய உடையார் இம்முயற்சிக்குத் துணைநின்றார் என்பர். மரபு இந்நிகழ்ச்சிக்கு 1478ஆம் ஆண்டைக் குறிக்கிறது. செஞ்சியில் நாயக்கர் ஆட்சி நிலைபெற்றது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் என்பது வரலாற்றறிஞர் பெரும்பாலோர் கொள்கை. ஆதலின் அவ்வாண்டையும் மன்னன் பெயரையும் அப்படியே ஏற்றல் இயலாது. ஆயினும், தாம் ஒருமுறை சிதறுண்டு மீண்டும் கூடியவர்கள் என்னும் உணர்வு இக்குடியிடம் ஆழமாக உள்ளது என்பதற்கு இம்மரபு போதிய சான்று.

இவ்வாறு சிதறி மீண்ட குடி தன் நூல்களைக் காத்தமைக்கு இரண்டு வழக்கங்கள் காரணமாயின. ஒன்று, உணவு, அடைக்கலம், மருந்து, நூல் என்னும் நால்வகைத் தானங்களுள் நூற்கொடையைச் சமணர் அறமாகக் கொண்டமை. பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுவித்துக் கொடுத்தல் புண்ணியச் செயலாயிற்று. பனையோலையின் ஆயுள் சில நூற்றாண்டுகளே. படியெடுப்பார் இல்லையேல் எந்நூலும் மறையும். மற்றொன்று, நூல்களைப் பலர் கூடியிருந்து கேட்கும் படன வழக்கம். இதனால் சிந்தாமணி பேழைக்குள் பூட்டிய ஏடாக நில்லாமல், கல்வி குறைந்தோரும் கேட்டறிந்த கதையாகவும் அறமாகவும் நின்றது.

5. சிற்றாமூரும் நச்சினார்க்கினியரும்

ஐயருக்கு முன்னரே புறச்சமயத்தார் ஒருவர் இக்குடியிடம் சிந்தாமணியைக் கற்றதாக ஒரு செய்தி வழங்குகிறது. மதுரையைச் சேர்ந்த அந்தணரான நச்சினார்க்கினியர் 14ஆம் நூற்றாண்டினர் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறார். அவர் முதலில் சிந்தாமணிக்கு எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லை என்றும், பின்னர் அவர் சிற்றாமூர் மடத்துக்குச் சென்று தம்மை ஆருகதராகக் காட்டிக்கொண்டு சமண நூல்களைப் பயின்று, திரும்பவும் உரை எழுதினார் என்றும் கன்னபரம்பரைச் செய்தி கூறும். ஐயர் தம் பதிப்பில் உரைகாரர் வரலாறு கூறுமிடத்து இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார்.

இதனை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ளத் தனிச்சான்று வேண்டும். ஆனால் இச்செய்தி உணர்த்தும் கருத்து தெளிவானது. சிந்தாமணிக்குப் பொருள் கூறும் உரிமை தம்மிடம் உள்ளது எனச் சமணர் கருதினர். மிகப் பெரிய உரைகாரரும் தம்மிடம் கற்ற பின்னரே தகுதி பெற்றார் என்பது அவர்தம் நிலைப்பாடு. அவ்வுரிமையின் இருப்பிடமாக அவர்கள் சுட்டியது செஞ்சி வட்டாரத்துச் சிற்றாமூரே.

6. கும்பகோணத்தில் படனம்

கும்பகோணத்துச் சமணருள் சந்திரநாத செட்டியார் ஐயருக்கு நெருங்கிய நண்பரானார். அவர் இல்லத்துக்கு ஐயர் சென்ற ஒருநாள், வாயிலில் கோலமும் தோரணமும் பொலிந்து விழாக்கோலம் காணப்பட்டது. காரணம் வினவியபோது, பல மாதங்களாக நிகழ்ந்த சிந்தாமணி படனம் அன்று நிறைவுறுகிறது என்றனர். கற்பிப்பாரே இல்லை எனத் தாம் எண்ணிய நூல், தாம் வாழும் நகரத்திலேயே, தெய்வநூலுக்குரிய சிறப்போடு ஓதப்பட்டு வருவதை ஐயர் அன்று கண்டார். அம்மரபின் புலவராக அங்கு மதிக்கப்பட்டவர் வீடூர் அப்பாசாமி நயினார். வீடூர், செஞ்சியாறு எனவும் பெயர்பெற்ற சங்கராபரணியின் கரையிலுள்ள சமண ஊர். காவிரிக் கரையில் நிகழ்ந்த படனம் செஞ்சி வட்டாரப் புலமையோடு தொடர்புற்றிருந்தமை இதனால் புலப்படும்.

இதன்பின் ஐயரின் பணிமுறை மாறியது. ஏட்டில் ஐயமுற்ற இடங்களைக் குறித்துக்கொண்டு சமணரிடம் சென்று கேட்டார். அவர்கள் வாய்மொழியாகச் சொன்ன விளக்கத்தை உரையோடும் பிற சமண நூல்களோடும் ஒப்புநோக்கினார். சமயக் குறியீடுகளும், துறவு நிலைகளும், வழிபாட்டு முறைகளும் தெளிவுற்றன. அவருடைய ஆர்வத்தையும் நுட்பத்தையும் கண்ட சமண நண்பர்கள் அவரைப் பவ்விய சீவன் என மதித்தனர். வீடுபேற்றுக்குத் தகுதியுடைய உயிர் என்பது அதன் பொருள். புறச்சமயத்தார் ஒருவருக்கு அச்சொல்லை வழங்கியது சிறிய செய்தியன்று. தம் ஏடுகளைப் பிறர் கையில் கொடுக்கத் தயங்கிய குடியினர் அவரை ஏற்றுக்கொண்டமைக்கு அஃது அடையாளம்.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. சிந்தாமணியின் மீது மன்னன் கொண்ட பற்றை மாற்றவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்னும் செய்தி சைவரிடையே வழங்கிவந்தது. சைவ மடத்தில் கற்ற ஒருவர் அந்நூலை அச்சேற்றுவது தகாது என்று கருதியோர் இருந்தனர். சுப்பிரமணிய தேசிகர் அவ்வாறு கருதவில்லை. மடத்துச் சுவடிகளைத் தந்து ஊக்கினார். ஐயர் இறுதிவரை தம் சமயநெறியில் வழுவாது நின்றார். தம் நெறியில் நின்றுகொண்டே பிறர் நெறியை அவர்தம் வாயாற் கேட்டறிதல் இயலும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகிறது.

7. 1887ஆம் ஆண்டுப் பதிப்பு

சென்னையில் அச்சுப்பணி நிகழ்ந்து, 1887ஆம் ஆண்டு சிந்தாமணி மூலமும் நச்சினார்க்கினியர் உரையும் வெளிவந்தன. இராமசுவாமி முதலியாரை முதன்முறை கண்ட நாளிலிருந்து ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன. பல ஊர்களிலிருந்து திரட்டிய ஏடுகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காட்டியமை, நூலாசிரியர் வரலாறும் உரைகாரர் வரலாறும் கதைச்சுருக்கமும் சேர்த்தமை ஆகியவற்றால் அது தமிழ்ப் பதிப்பியலில் புதுநெறி தொடங்கிற்று என்பது அறிஞர் ஒப்பிய முடிவு.

பாடத் தேர்விலும் சமணர் துணை பயன்பட்டது என்பதை இங்கு வலியுறுத்த வேண்டும். ஏடுகள் வேறுபடும்போது எப்பாடம் பொருந்தும் எனத் துணிவதற்கு மொழியறிவு மட்டும் போதாது. ஒரு சொல் ஆருகதக் கோட்பாட்டில் ஆளப்படும் பொருளை அறிந்தாலன்றி, பிழைபட்ட பாடத்தைப் பிழையென அறிதல் அரிது. படனத்தில் வழிவழியாகக் கேட்டு வந்த பொருள், எழுத்துப்பிழைகளைக் கண்டறியும் உரைகல்லாயிற்று.

இப்பதிப்பின் பயன் சமண இலக்கியத்தோடு நிற்கவில்லை. நச்சினார்க்கினியர் தம் உரையில் பெயர் சுட்டாமல் எடுத்தாண்ட மேற்கோள்களைத் தேடிச் சென்றபோதே பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் ஐயரின் கவனத்துக்கு வந்தன. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் வெளிவந்தன. சங்க இலக்கிய மீட்சியின் ஒரு கிளை, சமணக் குடியின் படனத்திலிருந்து தொடங்கிற்று எனல் மிகையாகாது.

8. மணிமேகலை: ஓதுவார் இல்லாத ஏடு

1898ஆம் ஆண்டு வெளியிட்ட மணிமேகலை, ஐயரை முற்றிலும் வேறான நிலையில் நிறுத்தியது. அது பௌத்தக் காப்பியம். தமிழகத்தில் அந்நூலை ஓதிய பௌத்தக் குடி பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே மறைந்திருந்தது. சிந்தாமணிக்கு வாய்த்த சந்திரநாத செட்டியாரும் அப்பாசாமி நயினாரும் மணிமேகலைக்கு வாய்க்கவில்லை. நூல் முழுமைக்கும் பழைய உரையும் கிடைக்கவில்லை. அளவை இலக்கணமும் பன்னிரு நிதானங்களும் பேசும் இறுதிக் காதைகள் தமிழ்ப் புலமை ஒன்றால் மட்டும் திறக்கக்கூடியன அல்ல.

இங்கு அவருக்கு உதவியவர் கும்பகோணம் கல்லூரிப் பேராசிரியர் மளூர் இரங்காசாரியார். வடமொழிப் புலமையும் ஆங்கிலக் கல்வியும் உடைய அவர், மேலைநாட்டறிஞர் பௌத்தம் பற்றி எழுதிய நூல்களைப் படித்துப் பொருள் சொன்னார். ஐயர் கேட்டறிந்து காப்பியத்தோடு பொருத்தினார். பெற்ற அறிவைப் புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்னும் பகுதிகளாகத் தொகுத்து எழுதினார். சிந்தாமணியின் பொருள் அண்டை வீட்டாரிடமிருந்து கிடைத்தது. மணிமேகலையின் பொருளோ இலங்கை முதலிய நாடுகளின் பாலி நூல்களை ஆராய்ந்த ஐரோப்பியர் வழியாக, கடல் கடந்து வந்து சேர்ந்தது. பிற்காலத்து ஆய்வாளர் நியாயப் பிரவேசம் என்னும் வடநூலோடு அளவைப் பகுதியை ஒப்பிட்டபின்னரே அதன் பல நுட்பங்கள் தெளிந்தன.

ஒரே பதிப்பாசிரியர், ஒரே உழைப்பு, ஒரே நுட்பம். ஆயினும் இரு பதிப்புகளின் வழிகள் வேறாயின. ஒன்றுக்கு ஓதும் குடி இருந்தது, மற்றொன்றுக்கு இல்லை என்பதே அவ்வேறுபாட்டின் தலையாய காரணம்.

9. சாக்கடல் சுவடிகளோடு ஒப்பீடு

முன்னுரையில் சுட்டிய சாக்கடல் சுவடிகள் இவ்வேறுபாட்டை மேலும் தெளிவாக்கும். 1947 முதல் 1956 வரை 11 குகைகளில் கண்டெடுக்கப்பட்ட சுவடிகள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவை. பெரும்பாலானவை தோலிலும் சில நாணற்புல் தாளிலும் எழுதப்பட்டவை. ஒன்று செப்புத்தகட்டில் அமைந்தது. மொழிகள் எபிரேயம், அரமேயம், கிரேக்கம்.

இவற்றுள் இருவகை உண்டு. ஒருவகை எபிரேய வேதநூற் படிகள். முழுமையாகக் கிடைத்த ஏசாயா சுருள், அதுவரை அறியப்பட்ட எபிரேயப் படிகளுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முற்பட்டது. எனினும் அதனைப் படிப்பதில் அறிஞர் பெரிதும் இடர்ப்படவில்லை. அந்நூலை யூதர் தம் தொழுகைக் கூடங்களில் இடையறாது ஓதிவந்தனர். மசோரெத்தியர் எனப்படும் மரபுக் காவலர் அதன் உயிரொலிக் குறிகளையும் பாடத்தையும் காத்துத் தந்திருந்தனர். மற்றொருவகை, ஒரு தனிக்குழுவின் ஒழுக்க விதிகள், விளக்கவுரைகள், போர்நெறி நூல் போன்றவை. இவற்றை ஓதிய குழுவினர்க்கு வழித்தோன்றல் எவரும் எஞ்சவில்லை. கும்ரான் குடியிருப்பு கி.பி. 68ஆம் ஆண்டளவில் உரோமப் படையால் அழிந்தது.

அக்குழுவினர் எசீனர் என்னும் கருத்தைச் சூகெனிக் தொடக்கத்திலேயே முன்வைத்தார். 1951 முதல் 1956 வரை அவ்விடத்தை அகழ்ந்த தெ வோ அதனை வளர்த்தார். பிளினி, பிலோ, யோசேபஸ் ஆகியோர் எசீனரைப் பற்றி எழுதிய குறிப்புகள் துணையாயின. சுவடிகள் எருசலேம் நூலகங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவை என நார்மன் கோல்பு மறுத்தார். சுவடிகள் குறிப்பிடும் நீதியின் ஆசான் யார் என்பது பற்றிய கருத்து வேறுபாடு இன்றும் தொடர்கிறது. வினவுவதற்கு அக்குடியினர் இல்லாமையால், ஆய்வாளர் தம்முள் வாதிட வேண்டியதாயிற்று.

ஏசாயா சுருளின் நிலை சிந்தாமணிக்கும், குழுவிதி நூல்களின் நிலை மணிமேகலைக்கும் ஒப்பாகும். ஒப்புமை முற்றிலும் பொருந்துவதன்று. மணிமேகலைக்குரிய சமயம் பிறநாடுகளில் உயிரோடிருந்தது. கும்ரான் குழுவின் நெறிக்கு அத்தகைய புகலிடமும் இல்லை. எனினும் ஏட்டின் பழமையைவிட, அதனை ஓதும் மரபின் தொடர்ச்சியே பொருள்கோளைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இரு நாட்டுச் சான்றுகளாலும் பெறப்படும்.

மற்றொரு செய்தியும் ஒப்பிடத்தக்கது. சாக்கடல் சுவடிகளுள் பல, நெடுங்காலம் ஒரு சிறு பதிப்புக்குழுவின் கையிலேயே இருந்தன. 1991ஆம் ஆண்டு அவற்றின் நிழற்படங்கள் பொதுவில் திறக்கப்பட்ட பின்னரே ஆய்வாளர் அனைவரும் அவற்றை அணுக முடிந்தது. ஐயரோ தாம் பெற்றவற்றைக் குறிப்புரையோடும் வேறுபாடுகளோடும் அச்சில் வெளியிட்டு, பின்வந்த பதிப்புகளில் திருத்தங்களையும் மேற்கொண்டார்.

10. பிற்கால வாழ்வு

1903ஆம் ஆண்டு ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் பெற்றார். 1919இல் ஓய்வுபெற்றபின், 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக விளங்கினார். பதிற்றுப்பத்து 1904இலும், பரிபாடல் 1918இலும், குறுந்தொகை 1937இலும் அவரால் வெளிவந்தன. 1924ஆம் ஆண்டு வெளியான பெருங்கதை, சமணரோடு தொடர்புடைய மற்றொரு பெருநூல். முன்னும் பின்னும் சிதைந்த நிலையிலேயே அது கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கிற்று. 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்த தன்வரலாறு நிறைவுறுமுன், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். அவர் தொகுத்த ஏடுகளைக் காக்க 1943இல் அவர் பெயரால் நூல்நிலையம் நிறுவப்பட்டது.

அத்தன்வரலாற்றில் அவர் தமக்குக் கற்பித்தவர்களை மறைக்கவில்லை. முதலியாரையும் தேசிகரையும் போலவே சந்திரநாத செட்டியாரையும் அப்பாசாமி நயினாரையும் பெயர் சுட்டி எழுதினார். பிற்காலத்து இலக்கிய வரலாறுகளே அவர்களை அடிக்குறிப்பாகச் சுருக்கின.

11. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு. சிந்தாமணிப் பதிப்பு, ஐயரின் தனிப்புலமையும் தமிழ்ச் சமணக் குடியின் கூட்டறிவும் இணைந்து ஆக்கியது. அக்கூட்டறிவின் ஊற்றுகளுள் செஞ்சி வட்டாரத்துச் சிற்றாமூரும் வீடூரும் குறிப்பிடத்தக்கவை. மணிமேகலைப் பதிப்போடும் சாக்கடல் சுவடி ஆய்வோடும் ஒப்பிடும்போது, ஓதும் குடியின் இருப்பு பதிப்புப் பணியின் போக்கையே மாற்றவல்லது என்பது தெளிவாகிறது. ஆதலின் தமிழ்ப் பதிப்பு வரலாறு எழுதுவோர் பதிப்பாசிரியர் பெயரோடு படனஞ்செய்தோர் பெயரையும் இணைத்து எழுதுதல் வேண்டும்.

இதனால் எழும் கடமையும் ஒன்றுண்டு. இன்று சுவடிகளை மின்னுருவாக்கும் பணி பல நிறுவனங்களால் நடைபெறுகிறது. ஏட்டின் படத்தை எடுத்துவைத்தல் பணியின் ஒரு பகுதியே. மேல்சித்தாமூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் அந்நூல்களைக் கேட்டு வளர்ந்த முதியோர் நினைவில் நிற்கும் ஓசை, பொருள்கோள், வழிபாட்டுச் சூழல் ஆகியவற்றையும் ஒலிப்பதிவாகத் தொகுத்தல் வேண்டும். ஐயருக்கு ஐயம் எழுந்தபோது சென்று கேட்க ஓர் இல்லம் இருந்தது. நாளை ஏட்டைத் திறப்போர்க்கு அவ்வாய்ப்பு இல்லாமற்போகலாம். கும்ரான் ஆய்வாளரின் நிலையை நாமே நமக்கு வருவித்துக்கொள்ளாதிருக்க அத்தொகுப்பை இப்போதே தொடங்குதல் தக்கது.